கல்தாயாவுக்கு வியர்த்தால்

எங்கள் தொழிலில் நெருப்பைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டால்தான் எல்லோருக்கும் பயம். வீட்டில் ஏதோ ஒரு மூலையில் எதையோ சொட்டவிட்டு, அதற்குக் கீழே பழைய துணியொன்றை மடித்து வைத்து, நாளைக்குப் பார்ப்போம் என்று சீவிக்கிற என் அருமைச் சனங்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பலேர்மோவில் நான் கல்தாயா பூட்டுகிறவன். கல்தாயா என்பது சுவரில் தொங்கும் காஸ் கொதிகலன். குளிக்கச் சுடுதண்ணீர் தரும், குளிர்காலத்தில் வீட்டையும் சூடாக்கும். பழைய கல்தாயாக்கள் தாராள மனசுக்காரர். சூட்டில் ஒரு பங்கைப் புகையோடு வெளியே விட்டுவிடுவார்கள். இப்போது வருகிறவை கருமிகள். போகிற புகையையும் பிடித்து நிறுத்திச் சூட்டைப் பிழிந்து எடுத்துவிடும். அப்படிப் பிழியும்போது புகை குளிர்ந்து வியர்க்கும். நல்ல குளிர்நாளில் அந்த வியர்வை ஒரு வாளிக்கு வரும். பார்க்கத் தெளிந்த கிணற்றுத் தண்ணீர், குணத்தில் புளிக்கிற வினாகிரிக்குத் தம்பி. அதை ஒரு மெல்லிய குழாயில் சரிவு பார்த்துக் கழிவுக் குழாய்க்குள் கொண்டுபோய் விட வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். நானும் அப்படி நினைத்துத்தான் இதற்குள் வந்தேன்.

இன்னொன்று. இந்த ஊர்க்காரர் சிசிலியனில் சொல்வதெல்லாம் என் காதில் மன்னார்த் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முழங்காலும் கடிதமும்

என் முதலாளி மாஸ்த்ரோ பினோ. பன்னிரண்டு வருடமாக அவரிடம் வேலை. கல்தாயா பூட்டுவது நான், பத்திரத்தில் கையெழுத்து வைப்பது அவர். அந்தக் கையெழுத்து இல்லாமல் இந்த நாட்டில் ஒரு கல்தாயாவும் சட்டப்படி எரியாது. நானும் கையெழுத்து வைக்கலாம். அதற்கு, 'இவன் இத்தனை வருடம் என்னிடம் தகுதியான வேலையாளாக இருந்தான்' என்று பினோ ஒரு கடிதம் தர வேண்டும். மூன்று தடவை கேட்டிருந்தேன். ஒரு தடவை சாப்பாட்டு நேரம் என்றார், ஒரு தடவை கண்ணாடி இல்லை என்றார், மூன்றாம் தடவை காது கேட்காதது போல் தன் வேலை வண்டியான வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கார்த்திகையில் அவருக்கு முழங்காலில் ஒப்பரேஷன். மார்கழி, அதாவது டிசம்பர், முதலாம் தேதி ஊர் முழுக்க வீடுகளுக்குச் சூடு போடத் தொடங்கும்; பங்குனி முடியும் வரை எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தோடம்பழப் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் படுத்திருக்கிற மனிதர் வானை எடுத்துக்கொண்டு ஓட முடியாது என்ற தைரியத்தில் நாலாம் தடவையும் கேட்டேன். பினோ தலையணைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். பிறகு வானை ஸ்டார்ட் பண்ணும் திறப்பை என் கையில் வைத்தார்.

"இந்தக் குளிர்காலம் நீ தனியச் செய். படத்தைப் போனில அனுப்பு, நான் கையெழுத்து வைக்கிறன். பங்குனி முடியுமட்டும் ஒரு சொட்டு நிலத்தில விழுந்ததெண்டு ஒரேயொரு போன் வந்தாலும், கடிதத்தை மறந்திடு."

சிபாரிசு

எனக்கு விளம்பரப் பலகை கிடையாது. எங்கள் பெண்கள் லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் பெரிய வீடுகளில் வேலை செய்கிறார்கள். கல்தாயா பழுதானால் வீட்டுக்காரி சின்யோராவுக்கு முன்னே அவர்களுக்குத்தான் தெரியும். குளிர்ந்த தண்ணீரில் கோப்பை கழுவுகிற கை அவர்களுடையது அல்லவா. "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், சின்யோரா" என்று அவர்கள் சொன்னால் எனக்கு வேலை. அந்தக் குளிர்காலம் அப்படி ஒன்பது வீடு வந்தது. அதில் ஒன்று, என் மனைவி மெற்றில்டா பதினொரு வருடமாக வேலை செய்யும் சின்யோரா லுச்சியாவின் வீடு. அவளுடைய வேலை ஒப்பந்தமும் இந்த நாட்டில் தங்குகிற பெர்மெஸ்ஸோவும் அந்த வீட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அங்கே கல்தாயாவை மாட்டும்போது ஒவ்வொரு ஆணியையும் இரண்டு தடவை முறுக்கினேன்.

இந்தச் சிபாரிசு மகளிர் அணிக்குத் தலைவி செல்வராணி அக்கா. ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் நின்றால், இந்த ஊரில் எந்தச் சின்யோரா எந்த மாத்திரை குடிக்கிறார் என்பது வரை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தன்னுடைய சின்யோரா வீட்டு வேலையை எனக்குத் தரும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, என்ர பேரிலதான் உன்னை அந்த வீட்டுக்குள்ள விடுறன். அங்கை ஏதும் சொட்டினா சின்யோரா உன்னைக் கூப்பிடமாட்டா. துடைக்கச் சொல்லி என்னைத்தான் கூப்பிடுவா."

சனிக்கிழமைச் சேட்டு

கபோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓய்வு பெற்ற இறைச்சிக் கடைக்காரர் ஒருவர். யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குப் புதுக் கல்தாயாவைப் பூட்டி, வியர்வைக் குழாயைப் பல்கனிக்கு வெளியே சும்மா தொங்கவிட்டுப் போயிருந்தான். கீழ் மாடியில் அவருடைய மச்சான். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மேலே கல்தாயா எரிகிற நேரமெல்லாம் கீழே மச்சானின் கொடியில் காயும் உடுப்பில் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. மச்சான் முறைப்பாடு கொடுத்து, நகரசபைக் காவலர் வந்து எச்சரித்து, அதன் பிறகுதான் மேல்வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

குழாயைக் குசினிச் சுவருக்குள்ளால் துளைத்து, மீற்றருக்கு மூன்று சென்றிமீற்றர் சரிவு விட்டு, கழுவுதொட்டியின் கழிவில் கொண்டுபோய் இணைக்க ஒரு பகல் முழுக்கப் போனது. மனிதர் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, செத்த வீட்டில் பெட்டி மூடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ரசமட்டத்தை வைத்துக் காட்டினேன். ஒரு குவளை தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். எல்லாம் ஒழுங்காக உள்ளே போனது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. வேலை முடிந்த தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு என்னை வாசல் வரை கூட்டி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அதில ஒரு சின்ன வால்வு வைக்கேலாதோ? சனிக்கிழமை மட்டும் பழைய பக்கமாப் போகட்டும். அண்டைக்குத்தான் அவன் வெள்ளைச் சேட்டு காயப்போடுறவன்."

விருந்தாளிப் போத்தல்

பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் பின்பக்கத்துச் சின்ன வீட்டில் ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். வான் அன்றைக்கு மக்கர் பண்ணியது. கல்தாயா முதல்நாளே அங்கே இறங்கியிருந்ததால் ஆயுதப் பையோடு ரயிலில் போனேன். பூட்டி முடித்தாயிற்று. கல்தாயாவுக்கு அடியில் சைபன் என்று ஒரு வளைந்த தொண்டை இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். நின்றால்தான் புகை அந்த வழியால் வீட்டுக்குள் வராது. ஆகவே முதல் தடவை மூட்டுவதற்கு முன் அதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். பைப்பைத் திறந்தேன். காற்று வந்தது.

அந்தத் தெருவுக்குத் தண்ணீர் முறை நாளைக்கு. கூரைத் தண்ணீர்த் தாங்கியும் காலி. மழை பொய்த்ததிலிருந்து இங்கே வாழ்க்கையே முறைப்படிதான். தண்ணீர் ஊற்றாமல் மூட்ட முடியாது. மூட்டாமல் போனால் ரீச்சர் குளிரில் கிடந்துவிட்டுக் காலையில் பினோவுக்குப் போன் அடிப்பார். "ஒரு கிளாஸ் தண்ணீர் போதும்" என்றேன். குடிக்கக் கேட்கிறேன் என்று நினைத்துப் பாதிக் கிளாஸ் கொண்டுவந்தார். அதைச் சைபனுக்குள் ஊற்றிவிட்டு இன்னும் வேணும் என்றேன். அவர் அலுமாரியைத் திறந்து, நுரைக்கிற தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, மூடியைத் திருகித் தந்தார். கல்தாயாவின் தொண்டைக்குள் அது நுரைத்துக்கொண்டு இறங்குவதை, மேல்கோட்டை இழுத்து மூடியபடி கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் போத்தல் விருந்தாளியளுக்கெண்டு வைச்சிருந்தனான். என்ர மருமகனுக்கே நான் இன்னும் திறக்கேல்லை."

ரொசாலியாவின் பீலி

பலேர்மோத் தமிழர் மலைக்குப் போகாமல் இருக்க மாட்டார்கள். கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்ற வித்தியாசமில்லை. ஞாயிறு விடியப் பெல்லெக்ரீனோ மலையேறி, உச்சியில் குகைக்குள் சிலையாகப் படுத்திருக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் முறையிட்டுவிட்டு இறங்கினால்தான் எங்களுக்குக் கிழமை தொடங்கும். தை மாதத்தில் ஒரு ஞாயிறு, கடிதம் கிடைக்க வேண்டும் என்ற நேர்த்தியோடு நானும் போனேன். மெற்றில்டாவும் செல்வராணி அக்காவும் கூட வந்தார்கள்.

அந்தக் குகையின் பாறைக்கு எந்நேரமும் வியர்க்கும். அது சனத்தின் தலையில் விழாமல், கூரை முழுக்கத் தகரப் பீலிகள் கிளை விட்டுப் போகும். எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தேன். என்ன சரிவு. ஒரு பீலி இன்னொன்றுக்குள், அது அடுத்ததற்குள், ஒரு இடத்தில்கூடத் தேக்கமில்லை. எந்தக் காலத்து மனிதன் எந்த ஏணியில் நின்று செய்தானோ என்று நினைக்க உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. கீழே எங்கள் பெண்கள் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் போத்தலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். புனிதையைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற என் முதுகில் செல்வராணி அக்கா ஒரு குத்து விட்டார்.

"இஞ்சை சொட்டினா சனம் முழங்காலில நிண்டு கும்பிடுது. உன்ர வேலையில சொட்டினா நான் முழங்காலில நிண்டு துடைக்கோணும். அங்கை இஞ்சை பாராமல் வடிவாக் கும்பிடு."

குறை கேட்காத குளிர்காலம்

கும்பிட்டது பலித்தது. தை போனது, மாசி போனது, பினோவுக்கு ஒரு போனும் வரவில்லை. பினோவுக்கு மட்டுமா, எனக்கும் வரவில்லை. மற்ற வருடங்களில் கிழமைக்கு ஒருத்தியாவது, "அருள் அண்ணை, உங்கட மிஷின் களக் களக் எண்டுது, ஒருக்கா வாறியளோ" என்று கூப்பிடுவாள். இந்த முறை ஒன்பது வீடும் ஊமை. எனக்குத் தலை வீங்கத் தொடங்கியது. கோயில் முற்றத்தில் ஆம்பிளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு சரிவைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். சுவாமியாரின் பிரசங்கத்தைவிட என்னுடையது நீளம் என்று ஒருவர் சொன்னார், அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பெண்கள் என்னைக் கண்டால் ஒரு மாதிரி அன்பாக இருந்தார்கள். ஒருத்தி பொரித்த பற்றீஸ் தந்தாள், ஒருத்தி பிள்ளையின் பிறந்தநாள் கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து வெட்டித் தந்தாள். வேலையின் அருமை தெரிந்தவர்கள் என்று நினைத்தேன். மெற்றில்டாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, குடை எங்கே என்று கேட்டாள். செல்வராணி அக்கா சொன்னதுதான் எனக்குக் கிடைத்த பட்டம். அதை அன்றிரவு இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

"தம்பி, உன்ர மிஷின் விடுற தண்ணி மாதிரி நல்ல தண்ணி இந்த ஊரில எங்கையும் இல்லை."

சோபாவுக்குக் கீழே

பங்குனி நடுவில் சின்யோரா லுச்சியா, புருஷனையும் கூட்டிக்கொண்டு வா என்று மெற்றில்டாவிடம் சொல்லிவிட்டார். போனோம். விருந்து அறையின் ஜன்னல் கதவுகளை அகலத் திறந்து வைத்திருந்தார். குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்தவை. வெயில் நேரே தரையில் விழுந்தது. அது சின்யோராவின் தகப்பனார் காலத்து வெள்ளைப் பளிங்கு. முகம் பார்க்கலாம். அதாவது, முன்பு பார்க்க முடிந்தது. இப்போது மூச்சு விட்ட கண்ணாடி மாதிரிப் புகைமூட்டமாகக் கிடந்தது. "என்ன அசிட் வாங்கி ஊத்தினாய்?" என்று சின்யோரா கேட்டார். தண்ணீரும் கொஞ்சம் சவர்க்காரமும் தவிர ஒன்றும் இல்லை என்று மெற்றில்டா மடு மாதா மேல் சத்தியம் பண்ணினாள். "பதினொரு வருஷம் இந்த வீட்டில இருந்திட்டு எனக்குப் பொய் சொல்லுறாய். பொய் சொல்லுற ஆளை நான் வைச்சிருக்கமாட்டன்," என்றார் சின்யோரா.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. என் வேலையையாவது பார்ப்போம் என்று குசினிப் பல்கனிக்குப் போனேன். கல்தாயா நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் நான் சரிவு பார்த்துச் சுவரோரமாகக் கொண்டுபோன குழாயைக் காணவில்லை. அதைக் கழற்றி, யாரோ ஒரு நீல வாளிக்குள் விட்டிருந்தார்கள். வாளி முக்கால் நிறைந்திருந்தது. பக்கத்தில் அதே தண்ணீர் நிறைத்த நாலு போத்தல். என் பின்னால் வந்த மெற்றில்டா மெல்லச் சொன்னாள்: "தண்ணி மூண்டு நாளைக்கு ஒருக்காத்தான் வருது. உங்கட மிஷின் ஒவ்வொரு நாளும் ஒரு வாளி விடுது. கண்ணாடி மாதிரித் தண்ணி, அதைச் சாக்கடைக்குள்ள விட எனக்கு மனம் வரேல்லை." வினாகிரிக்குத் தம்பியால் ஒரு குளிர்காலம் முழுக்கப் பளிங்கைத் துடைத்திருக்கிறாள். அது புளித்த தண்ணீர் என்று நான் ஒரு நாளும் அவளுக்குச் சொன்னதில்லை. வேலை எப்படி என்று கேட்டால், 'பரவாயில்லை' என்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் பதில்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் சின்யோரா பினோவைக் கூப்பிட மாட்டார். கடிதம் கிடைக்கும், மெற்றில்டாவின் வேலை போகும். வாயைத் திறந்தால் வேலை தப்பலாம், கடிதம் போகும். குளிர்காலம் முடிய இன்னும் இரண்டே கிழமை. ஏதாவது சவர்க்காரத்தின் மேல் பழியைப் போடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அதுதான் பொய். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு போய், சின்யோராவுக்கு முன்னால் வைத்து, என் சட்டைப் பையிலிருந்த அசிட் சோதிக்கிற தாளை அதில் முக்கி, நிறம் மாறுவதைக் காட்டினேன். "இது கல்தாயாவின் தண்ணீர். தொடக்கூடாது என்று இவளுக்குச் சொல்லாதது என் பிழை. இவள் பொய் சொல்லவில்லை," என்றேன். சின்யோரா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்தாயாவில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்துப் பினோவுக்குப் போன் அடித்தார். அறைக்குள் போய்க் கன நேரம் கதைத்தார். திரும்பி வந்து, "சனிக்கிழமை பினோ உன்னைத் தன்ர வீட்டுக்கு வரட்டாம்," என்றார். பிறகு எவ்வளவு தூரம் தரை கெட்டிருக்கிறது என்று பார்க்க, சோபாவை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினேன். அடியில் சோபாவின் அளவுக்கு நீள்சதுரமாகப் பளிங்கு பளபளவென்று மின்னியது.

"தரையைத் திரும்ப மெருகு போட்டு எடுக்கலாம் மெற்றில்டா, நீயும் இவனும் சேர்ந்து போடுங்கோ, வேலையை விட்டுப் போகத் தேவையில்லை. ஆனா சோபாவுக்குக் கீழ மட்டும் இப்பிடி மின்னுதே, அதுக்கு நீ என்ன சொல்லப்போறாய்?"

ஏழு வாளி

வீட்டுக்கு வரும் வழியில் மெற்றில்டா இன்னொன்றும் சொன்னாள். இந்தத் தண்ணீர் விசயத்தை அவள் மார்கழியிலேயே கோயில் முற்றத்தில் மற்றப் பெண்களுக்கும் சொல்லிவிட்டாள். எனக்குக் கிடைத்த பற்றீஸுக்கும் கேக்குக்கும் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. குழாயைக் கழற்றியது தெரிந்தால் நான் கத்துவேன் என்று ஒருத்தியும் என்னை அந்தப் பக்கம் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமைக்கு முன் ஒன்பது வீட்டுக்கும் போனேன். ஏழு வீட்டில் குழாய் வாளிக்குள் இருந்தது. குளிர்காலம் முழுக்க ஒரு முறைப்பாடும் வராததில் என்ன அதிசயம். நான் போட்ட வழியால் தண்ணீர் போயிருந்தால் அல்லவா முறைப்பாடு வர.

ஒரு வீட்டில் அந்தத் தண்ணீரை அயன் பெட்டிக்குள் ஊற்றி, வக்கீல் ஐயாவின் சேட்டுகளில் மண்ணிறப் புள்ளி போட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் துளசி மாதிரி வாசமடிக்கிற பசிலிக்கோச் செடிகள் வரிசையாகக் கருகி நின்றன. மற்ற வீடுகளில் தரை. வெயில் விழும் இடத்தில் குனிந்து பார்த்தால், யார் எதுவரை துடைத்தாள் என்பது படம் கீறினதுபோல் தெரிந்தது. ஒருத்தி கட்டிலைச் சுற்றியே போயிருந்தாள். ஒருத்தி கதவுக்குப் பின்னால் போனதே இல்லை. "சவர்க்காரத்தில பிழையெண்டு சொல்லுங்கோ அண்ணை" என்று எல்லோரும் கெஞ்சினார்கள். ஏழு வீட்டில் ஏழு சவர்க்காரம் ஒரே நேரத்தில் பிழைக்காது. அதோடு ஒரு தடவை உண்மையைச் சொன்ன பிறகு இரண்டாம் தடவை அவ்வளவு நோவதில்லை. ஒவ்வொரு சின்யோராவிடமும் நானே போய்ச் சொன்னேன். மெருகுப் பொடியோடு வந்து முடிந்ததைச் செய்து தருகிறேன் என்றேன். எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் பினோவுக்குப் போன் எடுத்தார்கள்.

கடைசியாகச் செல்வராணி அக்கா வேலை செய்யும் சின்யோராவின் வீடு. அங்கே சோபாவைத் தள்ளினோம், மங்கல். அலுமாரியைத் தள்ளினோம், மங்கல். கம்பளத்தைச் சுருட்டினோம், கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம், மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராக மங்கல். மின்னுகிற இடம் என்று கை அகலம்கூட மிஞ்சவில்லை. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"ஒழுங்கா வேலை செய்தவளுக்கு முழுத் தரையும் போச்சு. மெற்றில்டாவின்ர சின்யோராவுக்குச் சோபாவுக்குக் கீழயாவது மிஞ்சியிருக்கு."

பினோவின் கணக்கு

சனிக்கிழமை பினோவின் வீட்டுக்குப் போனேன். பத்தாம் படியிலேயே வான் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். கேட்டு வாங்குவதற்கு முன் கொடுத்துவிடலாம் என்று. காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் மேசையில் ஒரு தாள், அதில் ஏழு பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே போன் வந்த நேரம். நான் திறப்பை மேசையில் வைத்தேன். பன்னிரண்டு வருடம் இந்த மனிதருக்குப் பின்னால் ஏணி தூக்கியது ஒரு வாளியில் போய் முடிந்துவிட்டது. "போன் வந்திருக்கும்," என்றேன். "வந்தது," என்றார்.

"எல்லாரும் ரெண்டு விசயம் சொன்னவை," என்று தாளைக் கையில் எடுத்தார். "முதலாவது, நீயாத்தான் வந்து சொன்னாயாம். நாற்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கிறன். பிழை விட்டவன் போன் நம்பரை மாத்தினதைப் பார்த்திருக்கிறன், ஊரை மாத்தினதைப் பார்த்திருக்கிறன். வீடு வீடாப் போனவனைப் பார்க்கேல்லை." அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏழு பெயரையும் விரலால் ஒன்றொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். இரண்டாம் தடவை நான் கேட்டபோது காணாமல் போன அதே கண்ணாடி. தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்தார்.

"ரெண்டாவது, நான் ஏழு பேரிட்டையும் ஒரே கேள்வி கேட்டன்: ஒரு சொட்டாவது நிலத்தில விழுந்ததோ? ஏழு பேரும் இல்லையெண்டு சத்தியம் பண்ணினவை, எல்லாச் சொட்டும் வாளிக்குள்ளதானாம் விழுந்தது. அந்தப் பேனையை எடுத்துத் தா, என்ர முழங்காலால எழும்பேலாது."

பன்னிரண்டு வருடம் தண்ணீருக்கு வழி காட்டப் படித்த எனக்கு, அது என்ன தண்ணீர் என்று சொந்த மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்லப் படிக்க ஒரு முழுக் குளிர்காலமும் லிபெர்த்தாவின் பாதிப் பளிங்கும் தேவைப்பட்டன.